ஜெர்மனியில் குழந்தைக்கு மருத்துவரை எப்படித் தேடுவது?

அடுத்த மாதம் ஜெர்மனிக்குக் குடிபெயர்கிறோம், இரண்டு வயது மகளுக்குக் காய்ச்சல் வந்தால் யாரிடம் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டில், மேசை வாங்குவதற்கு முன்பே குழந்தை மருத்துவரைத் தேடிவிடுங்கள். அங்கே 'கிண்டர்ஆர்ட்ஸ்ட்' என்பார்கள்.

நாங்கள் அதைத் தள்ளிப்போட்டோம். ஸ்டுட்கார்ட்டில் இறங்கிய மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம், மகனுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. வெள்ளி மதியத்துக்கு மேல் பெரும்பாலான கிளினிக்குகள் திறந்திருப்பதில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் சொல்லித்தான் 116117 என்ற எண்ணே தெரியவந்தது. கிளினிக் மூடியிருக்கும் நேரத்தில் எந்த மருத்துவரிடம் போகலாம் என்று அதில் வழிகாட்டுவார்கள். மூச்சுத் திணறல், வலிப்பு போன்ற உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் 112 மட்டுமே. அன்று எவ்வளவு காய்ச்சல் என்று கேட்டதும் 103 என்றேன். மறுமுனையில் ஒரு கணம் பேச்சே இல்லை. அங்கே எல்லாம் செல்சியஸ், 39.4 என்று சொல்லியிருக்க வேண்டும். போனவுடன் ஒரு செல்சியஸ் தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள்.

மருத்துவர் காதையும் தொண்டையையும் பார்த்தார். தண்ணீர் குடிக்கிறானா, சிறுநீர் போகிறானா என்று இரண்டு முறை கேட்டார். ஊசி போடவில்லை, ஆன்டிபயாடிக்கும் தரவில்லை. ஆசனவாயில் வைக்கும் பாரசிட்டமால் மட்டும் எழுதிக் கொடுத்தார். ஊரில் ஊசி போடாத டாக்டரை நம்பாத வீட்டில் வளர்ந்தவள் நான். அன்றிரவு கண்ணே மூடவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் தானாக இறங்கிவிட்டது.

மறுவாரம் ஏழு கிளினிக்குகளுக்குப் போன் செய்தேன். ஐந்தில், புதிய குழந்தைகளைச் சேர்ப்பதில்லை என்றார்கள். போனில் கெஞ்சுவதைவிட, காலையில் குழந்தையோடு நேரில் போய் வரவேற்பில் நின்று கேளுங்கள். எங்களுக்கு அப்படித்தான் இடம் கிடைத்தது. மருத்துவருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தாலும் வரவேற்பில் இருப்பவருக்குத் தெரியாமல் போகலாம். கேட்க வேண்டியதை நான்கு வரிகளில் ஜெர்மன் மொழியில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

செலவை நினைத்துப் பயப்படாதீர்கள். அரசுசார் மருத்துவக் காப்பீட்டில் நீங்கள் சேர்ந்தால், பொதுவாகக் குழந்தைக்குத் தனிச் சந்தா கிடையாது.

தடுப்பூசி அட்டையைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். 2020 மார்ச் முதல், தட்டம்மைத் தடுப்பூசிக்குச் சான்று இல்லாமல் அங்குள்ள மழலையர் காப்பகங்களில் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள். தேதியும் முத்திரையும் மங்கியிருந்தால், கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.