நாலு பேர் முன்னால் பேசப்போனால் கை நடுங்குகிறது. இது நரம்புத் தளர்ச்சியா? என் நாயும் மருத்துவரிடம் போனால் நடுங்குகிறதே, ஏன்?

நரம்புத் தளர்ச்சி இல்லை. உங்கள் நரம்புகள் தேவைக்கு மேல் விறுவிறுப்பாக வேலை செய்கின்றன, அவ்வளவுதான்.

தமிழில் 'நரம்பு' என்ற சொல்லே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். புறங்கையில் பச்சையாகப் புடைத்திருப்பதையும் நரம்பு என்கிறோம். அது ரத்தக் குழாய். பயத்தில் வரும் நடுக்கத்துக்கும் நரம்புத் தளர்ச்சி என்று பெயர் வைத்து டானிக் குடிக்கிறோம். சர்க்கரை நோயாலோ வைட்டமின் பி12 குறைவாலோ நரம்பு கெட்டால், பெரும்பாலும் கால்விரல்களில்தான் முதலில் தெரியும்: மரத்துப்போகும், எரியும், பஞ்சின் மேல் நடப்பதுபோல இருக்கும். பேசி முடித்து இறங்கியதும் அது போய்விடாது. சும்மா மடியில் வைத்திருக்கும்போது ஒரு கை மட்டும் நடுங்கினாலோ, நடுக்கத்தோடு உடல் எடையும் குறைந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். பின்னதற்குத் தைராய்டு காரணமாக இருக்கலாம்.

மேடை நடுக்கத்தின் கதை வேறு. கையை நீட்டினால் எல்லோருக்குமே விநாடிக்கு 8 முதல் 12 முறை, கண்ணுக்குத் தெரியாத அளவில் ஓர் அதிர்வு உண்டு. பயம் வந்ததும் சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, ரத்தத்தில் அட்ரினலினைக் கொட்டும். அது தசையைத் தூண்டி, அந்த அதிர்வைக் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக்குகிறது. வாய் வறள்வதும் விரல்கள் சில்லிடுவதும் உள்ளங்கை வியர்ப்பதும் இதே ஏற்பாட்டின் பகுதிகள். ரத்தத்தில் கலந்த அட்ரினலின் பாதியாகக் குறைய இரண்டு மூன்று நிமிடம் போதும். ஆனால் பயம் நீடிக்கும்வரை சுரப்பியும் விடாது. அதனால் முதல் மூன்று வாக்கியங்களை மட்டும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுமளவு மனப்பாடம் செய்யுங்கள். குறிப்புகளை மெல்லிய தாளில் எழுதாதீர்கள், அது நடுக்கத்தைப் பல மடங்காக்கிக் காட்டும். கனமான அட்டை நல்லது. அன்றைக்குக் காபியையும் தவிர்த்துவிடுங்கள்.

'மூச்சை நல்லா இழுத்து விடு' என்பார்களே, பலரும் தப்பாகச் செய்வது அங்கேதான். வேகமாகவும் ஆழமாகவும் இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலை கிறுகிறுக்கும், உதடும் விரல் நுனியும் குறுகுறுக்கும். மயக்கம் வருகிறது என்று இன்னும் பயந்து இன்னும் இழுப்பீர்கள். நீள வேண்டியது வெளிமூச்சு. மூச்சை விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு இதயத்தைச் சற்று மெதுவாக்கும். மூக்கு வழியாக, அளவாக 4 விநாடி இழுத்து 6 விநாடி விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு. ஐந்து நிமிடம் போதும். மேடையேறுமுன் முதல்முறையாக முயலாமல், ஒரு வாரம் முன்பிருந்தே பழகுங்கள்.

ரத்தத்தையோ ஊசியையோ பார்த்தால் மயங்கி விழுபவர்களுக்கு இந்த முறை உதவாது. அவர்களுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. உடலைத் தளர்த்தினால் இன்னும் இறங்கும். கை, தொடை, வயிற்றுத் தசைகளை 10–15 விநாடி இறுக்கிப் பிடித்து, அரை நிமிடம் விட்டு, இப்படி ஐந்து முறை செய்ய வேண்டும். முழுக்கத் துவளவிடாமல், இறுக்கத்தை மட்டும் எடுத்தால் போதும்.

ப்ரோப்ரனலால் மாத்திரை கை நடுக்கத்தையும் படபடப்பையும் அடக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து. மருத்துவர் எழுதித் தராமல் தொடவேண்டாம்.

இப்போது நாய்க்கு வருவோம். அதற்கும் அதே சுரப்பி, அதே அட்ரினலின். பாதத்தின் அடியில் வியர்ப்பதால் பரிசோதனை மேசையில் ஈரத்தடம் விழும். தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை பார்ப்பது எல்லாம் நடுக்கத்துக்கு முன்பே வரும் அறிகுறிகள். அப்போதே சற்று விலகி நிற்கவிடுங்கள். ஆறுதலாகத் தடவிக்கொடுத்தால் பயம் 'பழக்கமாகிவிடும்' என்று நினைக்க வேண்டாம். பயம் என்பது வேண்டுமென்றே செய்யும் சேட்டை அல்ல.

எல்லா விலங்கும் நடுங்குவதில்லை. புதரில் படுத்திருக்கும் மான்குட்டிக்கு ஆபத்து நெருங்கினால் இதயத்துடிப்பு குறையும், அசையாமல் உறைந்துவிடும். பயந்தால் 'மயங்கி விழும்' என்று காணொளிகளில் காட்டப்படும் ஆடுகளோ மயங்குவதே இல்லை. சுருங்கிய தசை உடனே தளராத பரம்பரைக் கோளாறு அது. நினைவு முழுக்க இருக்கும். பூனைக்குப் பயத்திலேயே ரத்தச் சர்க்கரை எகிறிவிடும். அதனால் மருத்துவமனையில் எடுத்த ஒரே ஒரு அளவை வைத்துச் சர்க்கரை நோய் என்று முடிவு செய்யாமல், முந்தைய சில வாரங்களின் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் சோதனையையும் கேளுங்கள். மூச்சு எண்ணிக்கையை வீட்டில் பூனை தூங்கும்போது எடுங்கள்: நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும்.