வாங்கிய மாத்திரை வயிற்றுக்குள் போக

வணக்கம். யானைக்கால் நோய் மாத்திரையை ஊரில் எல்லோரும் வாங்கிக்கொள்கிறார்கள், விழுங்குவதுதான் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். கண்ணெதிரே விழுங்க வையுங்கள். டி.இ.சி. என்ற இந்த மாத்திரை வெறும் வயிற்றில் குமட்டும். அதனால் இரவுச் சாப்பாடு முடிந்ததும் தண்ணீரோடு போங்கள்; வேலைக்குப் போகிறவர்களும் அப்போதுதான் அகப்படுவார்கள்.

காய்ச்சல், தலைவலி வரலாம் என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். இரத்தத்திலுள்ள நுண்புழுக்கள் சாவதால் வருவது அது. பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கும். இதை மறைத்தால்தான் ‘மாத்திரை விஷம்’ என்ற பேச்சு கிளம்பி, அடுத்த தெருவே கதவடைக்கும். 2 வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், கடும் நோயாளிகளுக்குக் கொடுக்கக் கூடாது. மொத்த மக்களில் 65 சதவீதம் பேராவது விழுங்க வேண்டும். கால் வீங்கியவர் யாராவது முன்வந்தால் கூடவே அழைத்துப் போங்கள். அவர் சொன்னால் கேட்பார்கள்.