உப்பிப்போன லைப்போவை ஊசியால் குத்தலாமா?

கேள்வி: ரிமோட் விமானத்துக்கு வாங்கிய இரண்டு 3எஸ் 2200 (மூன்று செல், 2200 எம்ஏஎச்) லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிகளை முழு சார்ஜில் இரண்டு மாதம் அலமாரியில் வைத்துவிட்டேன். ஒன்று உப்பிவிட்டது. இன்னொன்றில் ஒரு செல் மட்டும் 0.2 வோல்ட் குறைவு. 500 ரூபாய்க்கு ஊசியால் காற்றை இறக்கி, செல் மாற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், தங்கச்சிமடம்)

பதில்: கொடுக்காதீர்கள். உள்ளே இருப்பது காற்று அல்ல, பேட்டரியின் திரவம் சிதைந்து உண்டான வாயு. குத்தினால் ஊசியே உள் தகடுகளை இணைத்து, கையிலேயே தீப்பிடிக்கலாம். பிடிக்காவிட்டாலும் அந்த செல் தேறாது. செல் மாற்றுவதாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் யாரோ கழித்த பேக்கிலிருந்து உருவியதைப் பற்றவைத்து, மேலே புது ஸ்டிக்கர் சுற்றித் தருகிறார்கள். ஸ்டிக்கரில் 100சி (எவ்வளவு வேகமாக மின்சாரம் தரும் என்ற அளவு) என்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். புதிது வாங்கும்போதும் தராசில் வையுங்கள். 3எஸ் 2200 பேக் சுமார் 180 கிராம் இருக்கும். 130 காட்டினால் பணத்தை எடுக்காதீர்கள்.

இரண்டாவது பேக் உப்பாமல் இருந்தால் ஒரு வாய்ப்பு கொடுங்கள். பேலன்ஸ் ஒயரையும் (செல்களைத் தனித்தனியாகச் சமன்செய்யும் மெல்லிய ஒயர்) மாட்டி, 1 ஆம்பியரில், பக்கத்திலேயே இருந்து சார்ஜ் செய்யுங்கள். ஒவ்வொரு செல்லும் 4.20 வோல்ட் வரும். எடுத்து வைத்து, மறுநாள் அளந்து பாருங்கள். அதே செல் மறுபடி இறங்கியிருந்தால் அதையும் கழித்துவிடுங்கள். நல்ல பேக்குக்கு 2.2 ஆம்பியர் போதும். படகு பேட்டரி சார்ஜரை நேராக லைப்போவில் மாட்டவே கூடாது.

கெடுத்தது முழு சார்ஜும் வெக்கையும்தான். சும்மா வைக்கும் பேட்டரி செல்லுக்கு 3.8 வோல்ட்டில், மொத்தம் 11.4 அளவில் இருக்க வேண்டும். சார்ஜரில் ‘ஸ்டோரேஜ்’ என்று இருப்பது இதற்குத்தான். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பரணில் வைக்காதீர்கள்.

இதற்கு ஒரே விலக்கு, மறுநாள் பறக்க முதல்நாள் இரவு முழுதாக ஏற்றுவது. அதில் தவறில்லை. ஆனால் நம் கரையில் கச்சான் காற்று (மேற்கிலிருந்து வீசும் பலத்த காற்று) கிளம்பிவிட்டால் காலையில் விமானத்தை வெளியே எடுக்க முடியாது. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒரு வாரம் ஓடிவிடும், பேட்டரி முழு சார்ஜிலேயே கிடக்கும். ஓரிரவு, மிஞ்சினால் இரண்டு இரவு. அதற்குள் பறக்கவில்லையென்றால் அன்று மாலையே ஸ்டோரேஜுக்கு இறக்கிவிடுங்கள். மறுபடி ஏற்ற ஒரு மணி நேரம்தான் ஆகும்.

உப்பியதை வீட்டுக்கு வெளியே வெறும் தரையில் வைத்து, 12 வோல்ட் 21 வாட் வண்டி பல்பை மாட்டி, முழுதும் அணையும்வரை விடுங்கள். கடல்நீரில் போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். உப்பு முதலில் கனெக்டரைத் தின்றுவிடும், சார்ஜ் உள்ளேயே தங்கிவிடும். ஈரமான கடல்மணலில் புதைப்பதும் அப்படித்தான்.

அதன்பிறகு எங்கே கொடுப்பது? பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022ஆம் ஆண்டு விதிகள் தயாரிப்பாளர்மேல் வைத்திருக்கின்றன. கடையில் கேட்டால் ‘குப்பையில போடுங்க’ என்கிறார்கள். விதி போட்டவர்கள் ராமேஸ்வரத்துக்காரர் எந்தப் படியில் ஏற வேண்டும் என்று சொல்ல வேண்டாமா? குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். முனைகளுக்குத் தனித்தனியாக டேப் ஒட்டி, உலர்ந்த ஆற்றுமணல் நிரப்பிய மண்சட்டியில் வீட்டுக்கு வெளியே, மழை படாத இடத்தில் வையுங்கள். மதுரைப் பக்கம் போகிறவர் இருந்தால், மின்கழிவு எடுக்கும் உரிமம் உள்ள இடத்தை முதலில் விசாரித்துவிட்டுக் கொடுத்தனுப்புங்கள்.