செல்ஃப் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை

கேள்வி: என்னுடையது 9 வருடப் பெட்ரோல் கார். காலையில் முதல் தடவை மட்டும் மக்கர் செய்கிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் நாலைந்து விநாடி கழித்துத்தான் இன்ஜின் பிடிக்கிறது. அதன் பிறகு நாள் முழுக்கப் பிரச்சினை இல்லை. பேட்டரி, நான்கு பிளக் எல்லாம் புதிதாக மாற்றியாகிவிட்டது. இப்போது செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: மாற்றாதீர்கள். செல்ஃப் மோட்டாரின் வேலை இன்ஜினைச் சுற்றிவிடுவது. அது நன்றாகச் சுற்றுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் அதன் மேல் என்ன குற்றம்? பேட்டரியையும் இதே காரணத்துக்காக மாற்றியிருக்க வேண்டியதில்லை. போனது போகட்டும்.

நாளைக் காலையில் ஒன்று செய்து பாருங்கள். ஏசி, ரேடியோ எல்லாம் அணைத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, சாவியை ‘ஆன்’ வரைக்கும் மட்டும் திருப்புங்கள். செல்ஃப் அடிக்க வேண்டாம். பின்சீட்டுப் பக்கமிருந்து ‘ங்ங்’ என்று ஓர் இரண்டு விநாடி ரீங்காரம் கேட்டு நிற்கும். டேங்க்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் அது. சாவியை அணைத்து, பத்து விநாடி விட்டு, மறுபடி ஆன். இப்படி மூன்று தடவை செய்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். பட்டென்று பிடித்ததா? அப்படியானால் ராத்திரி முழுக்க லைனில், அதாவது டேங்க்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயில், நிற்க வேண்டிய பெட்ரோல் பிரஷர் இறங்கிவிடுகிறது என்று சந்தேகப்படலாம். காலையில் நீங்கள் செல்ஃப் அடிக்கிற அந்த நாலைந்து விநாடியும் பம்ப் காலி லைனை நிரப்பிக்கொண்டிருக்கிறது.

பிரஷர் இறங்கப் பெரும்பாலும் இரண்டு வழி. ஒன்று, பம்ப்போடு சேர்ந்த ஒன்வே வால்வு தேய்ந்து, பெட்ரோல் டேங்க்குக்கே திரும்பிவிடுவது. இரண்டு, இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களில் ஏதாவது ஒன்று சொட்டுவது. சொட்டினால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் சைலன்ஸரில் கருப்புப் புகை ஒரு தரம் வரும், பெட்ரோல் வாடையும் அடிக்கும். புகையும் இல்லை, வாடையும் இல்லை என்றால் என் கை முதலில் வால்வு பக்கம்தான் போகும்.

உறுதி செய்துகொள்ள ஒர்க்‌ஷாப்பில் பிரஷர் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். இந்த வகைப் பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலும் 3 முதல் 4 பார் வரை காட்டும். இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்து வந்து பாருங்கள். முள் அடியோடு படுத்திருந்தால் கதை முடிந்தது. இந்த வேலையை நீங்களாகச் செய்ய வேண்டாம், லைனைக் கழற்றினால் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும்.

வால்வு மட்டும் தனியாகப் பெரும்பாலும் கிடைக்காது, பம்ப் செட்டாகத்தான் மாற்ற வேண்டியிருக்கும். சில கார்களில் பின்சீட்டைத் தூக்கினாலே பம்ப் மூடி தெரியும், சிலவற்றில் டேங்க்கையே இறக்க வேண்டும். கூலியில் இது பெரிய வித்தியாசம், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். உடனே செலவு செய்ய முடியாவிட்டால் அந்த மூன்று தடவைச் சாவி வித்தையை வைத்தே சில மாதம் ஓட்டலாம். பம்ப் சத்தம் கூடினாலோ, மேட்டில் வண்டி இழுக்கத் திணறினாலோ தள்ளிப்போடாதீர்கள்.

எப்போதும் ரிசர்வில் ஓட்டுகிறவரா நீங்கள்? பம்ப்பைக் குளிர வைப்பதே டேங்க்கிலுள்ள பெட்ரோல்தான். இருநூறு ரூபாய்க்குப் போட்டு ஓட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கேள்வி: சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. பேட்டரி டெர்மினலைக் கையால் அசைத்தால் ஸ்டார்ட் ஆகிறது. பேட்டரிக்கு ஒரு வயதுதான். (வாசகி, நாகர்கோவில்)

பதில்: பாதி வைத்தியத்தை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள், அம்மா. பேட்டரி நல்லது, பிடிப்பு சரியில்லை. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் செத்துப்போனால் டெர்மினல் அல்லது பேட்டரி. வெளிச்சம் அப்படியே நின்று ‘டக்’ மட்டும் கேட்டால் செல்ஃப் மோட்டாரையும் அதற்குப் போகும் ஒயரையும் பார்க்க வேண்டும்.

கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டு நெருப்புப் பொறி பறக்கும். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் உப்பின் மேல் ஆப்பசோடா கலந்த வெந்நீரை ஊற்றினால் நுரைத்துக் கரைந்துவிடும். காய்ந்ததும் உப்புத்தாளால் பளபளவெனத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின்.

மேலே சுத்தம் செய்தும் மாறவில்லையென்றால் பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் ஒயரின் மறுமுனையைப் பாருங்கள். இதில் நானே ஒரு தடவை அசிங்கப்பட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர் வண்டிக்கு பேட்டரியும் மாற்றி, செல்ஃபும் மாற்றி, இரண்டாம் நாளே வண்டி திரும்பி வந்தது. பட்டறையில் மூத்தவர் ஒருவர் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, “செல்ஃப் அடிடா” என்றார். மீட்டர் 1.8 வோல்ட் காட்டியது. அரை வோல்ட்டுக்கு மேல் போகவே கூடாது. பேட்டரி தட்டுக்கு அடியில் எர்த் ஒயரின் போல்ட் துருவில் புதைந்திருந்தது. தேய்த்து மாட்டினோம், பழைய செல்ஃபே ஓடியது. புது செல்ஃபின் பணத்தை நான் என் சம்பளத்திலிருந்து கட்டினேன்.

கேள்வி: செல்ஃப் சுற்றுகிறது, ஸ்டார்ட்டே ஆகவில்லை. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மின்னுகிறது. (வாசகர், ஆம்பூர்)

பதில்: சாவிக்குள் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் காணவில்லை. வளையத்தில் வேறு ரிமோட் சாவி தொங்கினால் கழற்றிவிட்டு முயலுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஸ்பேர் சாவி. அது வீட்டில் எந்த டப்பாவில் கிடக்கிறதோ, தேடத் தொடங்குங்கள்.