140 எழுத்துல சிக்கின ஆலோசகர்

கேள்வி: தீவிரவாதத்தைத் தடுக்க அமெரிக்க அரசாங்கத்துக்கு யோசனை சொன்ன ஆளே ட்விட்டர்ல "கலிஃபேட் திரும்ப வரும்", அதாவது கலீஃபா ஆளுற இஸ்லாமிய ஆட்சி திரும்பும்னு எழுதினாராமே? வேலியே பயிரை மேயுற கதையா இல்ல இருக்கு! இவரையெல்லாம் உள்ள விட்டது யாரு?

பதில்: வேலி மேயல சார், வேலி ட்வீட் போட்டுச்சு. ரெண்டும் வேற வேற.

நீங்க சொல்றது முகமது எலிபியாரி. டெக்சாஸ்காரர், ஒபாமா ஆட்சியில 2010ல ஹோம்லேண்ட் செக்யூரிட்டி அட்வைசரி கவுன்சில்ல, அதாவது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையோட ஆலோசனைக் குழுவில போட்டாங்க, போட்டது அப்போ அந்தத் துறையோட செகரெட்டரியா இருந்த ஜேனட் நேபோலிட்டானோ. சம்பளம் கிடையாது, கையெழுத்து போடற அதிகாரமும் கிடையாது, கேட்டா யோசனை சொல்லணும், அவ்ளோதான். 2011ல எஃப்பிஐ கூப்பிட்டு விருதே கொடுத்திருக்கு.

சரி, அந்த 140 எழுத்து ட்வீட். கலிஃபேட் திரும்ப வர்றதைத் தடுக்க முடியாது, ஐரோப்பிய யூனியன் மாதிரி ஒரு முஸ்லிம் யூனியனா அது வரட்டும்னு நாம ஆதரிக்கிறோமா இல்லையாங்கறதுதான் நம்ம கையில இருக்கு - இதான் சாரம். பொறுமையா படிச்சா ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) தீவிரவாத இயக்கத்துக்கு ஆதரவு இல்ல, சொல்லப்போனா அதுக்கு மாற்று. ஆனா போட்டது எப்போ? 2014 ஜூன்ல. ஈராக்ல இருக்கற மொசூல் நகரம் ஐஎஸ் கையில விழுந்த மாசம், அதே மாசக் கடைசியில அவனுங்க கலிஃபேட்னு அறிவிச்சும் விட்டானுங்க. அந்த நேரத்துல இவர் எழுதினதுல முதல் பாதியை மட்டும் பிச்சு எடுத்துட்டுப் போக ஆளா இல்ல? ஐஎஸ் ஆதரவாளர்களே அதை ஷேர் பண்ணினதா செய்தி வந்துச்சு. சின்னப் பசங்க எந்த வார்த்தையில மயங்குறாங்கன்னு அரசாங்கத்துக்கு சொல்லிக் கொடுக்க வந்த மனுஷனுக்கு இது தெரியாம போச்சுன்னா, அவர் துரோகி இல்ல, அந்த வேலைக்கு லாயக்கில்லாத ஆள். என் குறை இதோட சரி.

துரோகின்னு கூச்சல் போட்டவங்க லட்சணம் தெரியுமா? மிஷெல் பாக்மன், லூயி கோமர்ட் உட்பட அஞ்சு எம்பிக்கள் 2012லயே, எகிப்துல பிறந்த இஸ்லாமிய இயக்கமான முஸ்லிம் பிரதர்ஹுட் அமெரிக்க அரசாங்கத்துக்குள்ள ஊடுருவிருச்சுன்னு கடுதாசி எழுதினவங்க. ஹில்லாரியோட உதவியாளர் ஹுமா அபெதினைக்கூட விடல, கடைசியில கடுதாசி எழுதினவங்களோட சொந்தக் கட்சிக்காரரான (குடியரசுக் கட்சி) செனட்டர் மெக்கெய்னே செனட்ல எழுந்து கண்டிச்சார். இப்படிப்பட்டவங்க கைக்கு இந்த ட்வீட் கிடைச்சா? வெறும் வாய மெல்லுறவங்களுக்கு அவல்.

2014 செப்டம்பர்ல கவுன்சில்ல தன் காலம் முடிஞ்சுது, சுமுகமாத்தான் போறேன்னு எலிபியாரியே ட்விட்டர்லதான் அறிவிச்சார், அதுவும் அங்கேயே! டிபார்ட்மென்ட் முன்னால வந்து இது தப்பு, இது தப்பில்லன்னு நறுக்குன்னு சொல்லியிருக்கணும். பிரிட்டன்ல 2022 ஜூன்ல அரசாங்கத்தோட இஸ்லாமோஃபோபியா (முஸ்லிம் வெறுப்பு) ஆலோசகர் காரி ஆசிமை, ஒரு சினிமாவுக்கு எதிரான போராட்டத்தை ஃபேஸ்புக்ல ஆதரிச்சார்னு தூக்கினாங்க. கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரா நின்னீங்கன்னு காரணத்தைக் கடிதத்துல எழுதியே தூக்கினாங்க. அது சரியா தப்பான்னு சண்டை போட ஒரு பேப்பராவது இருந்துச்சு.