உப்புக் கரிக்கும் கிணறும் எட்டு அறை விடுதியும்: கேள்வி பதில்

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்க விடுதிகளில் இருபது வருடமாக மோட்டர், பைப், ஏசி என்று பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஊருக்கும் கடலுக்கும் கேடில்லாமல் விடுதி நடத்துவது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி சோலார் பற்றியவை. நான் தண்ணீரில் தொடங்குகிறேன்.

நிலாவெளியில் எட்டு அறை வைத்திருப்பவர்: அண்ணை, ஓகஸ்ட் வந்தால் கிணறு உப்புக் கரிக்குது. இன்னும் ஆழமாக்கட்டோ?

வேண்டாம் தம்பி. ஆழமாக்கினால் உப்பை நீங்களே போய்த் தொடுகிறீர்கள். எங்கள் மணலுக்குள் நன்னீர் கடல்நீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். இது நிலத்தடி நீர் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. அதைத் திருப்பிப் பாருங்கள்: மேலே அரை அடி இறங்கினால், நாளடைவில் கீழேயிருந்து உப்பு 20 அடி ஏறும்.

பெரிய மோட்டரை ஒரு மணித்தியாலம் போட்டுத் தாங்கியை நிரப்புவதுதான் இங்கே நடக்கிற பெரிய பிழை. சின்ன மோட்டரைப் போட்டு, விட்டு விட்டு நாள் முழுக்க இறையுங்கள். இடமிருந்தால் ஆழமில்லாத இரண்டு கிணறுகளில் மாறி மாறி. அடுத்தது மழை. எங்கள் மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான் கொட்டுகிறது. 200 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 20,000 லீற்றர். அதைப் பீலி வைத்து றோட்டுக்கு அனுப்புகிறோம், பிறகு ஓகஸ்டில் தண்ணீர் பவுசருக்குக் காசு கொடுக்கிறோம். வளவுக்குள் ஒரு குழி வெட்டிக் கல்லும் மணலும் போட்டுக் கூரைத் தண்ணீரை அதற்குள் இறக்குங்கள்.

உப்புவெளியிலிருந்து ஒரு அக்கா: "துவாயை இன்னொரு நாள் பாவியுங்கள்" என்று அறையில் அட்டை வைக்கிறார்களே. சவர்க்காரக் காசை மிச்சம் பிடிக்கிற வேலைதானே?

காசும் மிச்சம்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை அக்கா. ஆனால் அட்டை மட்டும் வேலை செய்யாது. நான் வேலை செய்த ஒரு விடுதியில் வந்தவர்கள் சொன்னபடி துவாயைக் கொழுவியில் தொங்கவிட்டுப் போவார்கள். அறை துப்புரவாக்கும் பெடியன் எல்லாவற்றையும் கழற்றிப் புதிது போடுவான். கேட்டால், "மாத்தாட்டி சுப்பவைசர் ஏசுவார்" என்றான். அட்டையை அச்சடித்தவர் சுப்பவைசருக்குச் சொல்லவில்லை! ஒரு சீசன் முழுக்க அப்படித்தான் போனது.

அப்புறம், துவாயைவிடக் கூடத் தண்ணீர் குடிப்பது ஒழுகுகிற கொமேட் தாங்கி. சத்தமே வராது. குசினியில் கேசரிப் பவுடர் எடுத்துத் தாங்கிக்குள் ஒரு சிட்டிகை போடுங்கள். அரை மணித்தியாலம் ஃபிளஷ் பண்ணாமல் விட்டுப் பாருங்கள். கீழே நிறம் வந்திருந்தால் உள்ளே இருக்கிற றப்பர் போய்விட்டது. அந்த றப்பர் ஹாட்வெயார் கடையில் சின்னக் காசு.

அலஸ்தோட்டத்திலிருந்து ஒருவர்: குளிக்கிற தண்ணியும் குசினித் தண்ணியும் குழிக்குள்தான் போகுது. மணல்தானே, வடிகட்டிவிடும்?

மணல் வடிகட்டுவதற்குள் தண்ணீர் ஓடிவிடும். களிமண்ணில் மெல்ல இறங்குவது இங்கே கடகடவென்று இறங்கி, ஒரு பங்கு உங்கள் கிணற்றுக்கும் ஒரு பங்கு கடலுக்கும் போகும். கழிவுத் தண்ணீரில் இருக்கிற சத்து கடலில் பாசியை வளர்க்கும், பாசி பவளப்பாறையை மூடும். பிறகு பவளம் பார்க்க யார் வருவார்கள்?

குசினிக்கு வெளியே எண்ணெய் பிடிக்கிற தொட்டி கட்டாயம் வேண்டும், கிழமைக்கு ஒருமுறை அள்ளவும் வேண்டும். குளிக்கிற தண்ணீரைச் சல்லி போட்ட ஒரு வாய்க்காலில் விட்டுக் கல்வாழை நடுங்கள். அதில் தேறி வருவதை வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். மலக்குழித் தண்ணீரை இதோடு கலக்கவே கூடாது.

சோலார் கேட்ட எல்லாருக்கும் சேர்த்து:

போடுங்கள், நல்லது. சீசன் இல்லாத மாதங்களில் மிஞ்சும் கறன்டை லைனுக்கே திருப்பிக் கொடுக்கும் வழியும் இருக்கிறது. ஆனால் கதவுக்குக் கீழே ஒரு விரல் இடைவெளியை வைத்துக்கொண்டு ஏசியை 18இல் ஓடவிடுகிற அறைக்குச் சோலார் பூட்டுவது, ஓட்டை வாளிக்குத் தண்ணீர் இறைக்கிற மாதிரி. முதலில் இடைவெளியை அடையுங்கள், பில்டரைக் கழுவுங்கள், 26இல் வைத்து மின்விசிறியையும் போடுங்கள். சோலார் பூட்டும்போது கம்பி, நட்டு எல்லாம் துருப்பிடிக்காததா என்று பாருங்கள். கடற்காற்று சும்மா விடாது.

படகு ஓட்டும் ஒரு தம்பி: புறாமலைக்கு ஆட்களை அனுப்புகிற ஹோட்டல்காரர் என்ன செய்யலாம்?

நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கிற அந்தத் தீவு 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவான இடம். பவளத்தில் கால் வைக்கக் கூடாது என்பதைத் தண்ணீருக்குள் இறங்கிய பிறகு படகோட்டி கத்திச் சொல்வதில் பிரயோசனமில்லை. காலைச் சாப்பாட்டு மேசையிலேயே விடுதிக்காரர் சொல்ல வேண்டும். கை நீண்ட நீச்சல் சட்டை பத்து வாங்கி வாடகைக்கு வையுங்கள். முதுகில் சன்ஸ்கிறீன் பூசத் தேவையிருக்காது. பவளத்துக்குக் கூடாதென்று ஒக்சிபென்சோன் என்ற இரசாயனம் கலந்த சன்ஸ்கிறீன் விற்பனையை ஹவாயில் 2021இலிருந்தே நிறுத்திவிட்டார்கள்.

டவுனிலிருந்து: பிளாஸ்ரிக் போத்தலுக்கு என்ன வழி?

வடிகட்டி ஒன்றும் கண்ணாடிப் போத்தல்களும். கோட்டைப் பக்கத்து மான்கள் குப்பையில் பொலித்தீன் தின்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள், நான் நீட்டிச் சொல்லத் தேவையில்லை. ஷாம்பு சின்னப் பைக்கற்றும் வேண்டாம். உணவும் மருந்தும் தவிர, 20 மில்லிலீற்றருக்குக் குறைந்த சஷேக்கள் இலங்கையில் 2021இலிருந்து தடை.

ஹோட்டல் வேலை செய்யும் ஒரு தங்கை: பச்சை ஹோட்டல் என்று போர்ட் போட்டுவிட்டு, சீசன் முடிய எங்களை நிப்பாட்டுகிறார்களே. அதைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டீர்களா?

சொல்லத்தான் வேண்டும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை இரவு பகலாக வேலை வாங்கி, வாடைக்காற்று தொடங்க வீட்டுக்கு அனுப்புவது நடக்கிறது. பவளத்தைக் காப்பாற்றிக்கொண்டு பக்கத்து ஊர்ப் பிள்ளைகளைக் கைவிடுகிறவரை நான் பொறுப்பானவர் என்று சொல்ல மாட்டேன். நான் மேலே சொன்ன வேலை எல்லாம், குழி வெட்டுவது, தொட்டி கட்டுவது, றப்பர் மாற்றுவது, ஆள் இல்லாத மாதத்தில்தான் செய்ய முடியும். முதலாளிமார் அதை உங்களுக்கே தரலாம். அரைச் சம்பளத்துக்கு அல்ல, முழுச் சம்பளத்துக்கு.

கடைசியாக, சாம்பல்தீவிலிருந்து ஒருவர்: கையில் காசில்லை. பச்சை ஹோட்டல் சான்றிதழ் எடுப்பதா, வேறு எங்கே தொடங்குவது?

சான்றிதழ் பிறகு. முதலில் ஒரு தண்ணீர் மீற்றர் வாங்கி, தாங்கியிலிருந்து அறைகளுக்குப் போகும் பைப்பில் பூட்டுங்கள். அறையில் ஒருவரும் இல்லாத ஒரு நவம்பர் இரவில் பத்து மணிக்கு ஒருமுறை, விடிய ஐந்துக்கு ஒருமுறை வாசியுங்கள். ஆளில்லாமலே மீற்றர் ஓடியிருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. இரண்டு வாசிப்பையும் இங்கே எழுதுங்கள். எந்த அறையில் கேசரிப் பவுடரோடு தொடங்கலாம் என்று பார்ப்போம்.