கறுப்பு கார், வெள்ளைக் கோடுகள்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அடர்நிறக் கார்க்காரர்களின் புலம்பல். கறுப்பு, கருநீலம், கரும்பச்சை என்று நிறம்தான் வேறு. கடிதங்களைக் குறுக்கியிருக்கிறேன். மைத்துனர்கள் சொன்ன யோசனைகளை மொத்தமாக நீக்கிவிட்டேன்.

கேள்வி: புதுக் கறுப்பு கார். ஆறு மாதம்கூட ஆகவில்லை. வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள். ஷோரூமில் கேட்டால், "கறுப்பு என்றால் அப்படித்தான் சார்" என்கிறார்கள். மட்டமான பெயின்ட் அடித்துவிட்டார்களா?

பதில்: பெயின்ட்டைத் திட்டாதீர்கள். நீங்கள் பார்க்கும் கறுப்புக்கு மேலே நிறமே இல்லாத ஒரு பூச்சு இருக்கிறது. கிளியர் கோட் என்பார்கள். பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் சுமார் 40 மைக்ரான். ஒரு தலைமுடியைவிட மெலிது. கோடுகள் விழுந்திருப்பது அதில்தான். அவை வட்டமாகவும் இல்லை. எல்லாத் திசையிலும் கிடக்கிற சாதாரணக் கீறல்கள். வெளிச்சத்துக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் மின்னுவதால், சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்டம் போட்ட மாதிரி தெரிகிறது. தலையை நகர்த்திப் பாருங்கள், வலையும் கூடவே நகரும்.

பக்கத்து வீட்டு வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆக ஷோரூம்காரர் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி, வண்டியை உங்களிடம் ஒப்படைக்கும் முன் அவர்கள் எந்தத் துணியால் துடைத்தார்கள் என்பது. அடர்நிறக் கார் பதிவு செய்யும்போதே "கழுவித் துடைக்க வேண்டாம், தூசியோடு கொடுங்கள்" என்று எழுதிக் கொடுக்கலாம். விசித்திரமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

கேள்வி: தினமும் காலையில் உலர்ந்த துணியால் காரைத் துடைக்கிறேன். தூசி தட்ட இறகுத் துடைப்பமும் வாங்கியிருக்கிறேன். இது போதுமா?

பதில்: போதும். இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே கீறாமல் கழுவ என்னென்ன வாங்க வேண்டும்? கடைக்காரர் 14 பொருள் கொண்ட பட்டியல் கொடுத்திருக்கிறார்.

பதில்: பதினான்கில் ஆறு போதும்: இரண்டு வாளி, கார் ஷாம்பு, வாஷ் மிட் என்று விற்கும் மைக்ரோஃபைபர் கையுறை, ஈரம் உறிஞ்சும் பெரிய மைக்ரோஃபைபர் டவல், சின்னத் துணிகள் சில, வீலுக்குத் தனியாக ஒரு பிரஷ். மீதி எட்டும் கடைக்காரரின் தேவை.

பொருளைவிட வரிசைதான் முக்கியம். வண்டி நிழலில் நிற்க வேண்டும். பானெட்டில் உள்ளங்கையை வைத்தால் சூடு தெரியக் கூடாது. முதலில் வீல்களை அவற்றுக்கு உரிய பிரஷ்ஷால் முடித்துவிடுங்கள். பிரேக் தூளில் இரும்புத் துகள் இருக்கும், அந்த பிரஷ்ஷும் அந்தத் தண்ணீரும் பெயின்ட் பக்கமே வரக் கூடாது. அப்புறம் கையே படாமல், மேலிருந்து கீழாக வெறும் தண்ணீர் அடித்துத் தளர்ந்த மண்ணையெல்லாம் இறக்குங்கள். எல்லாரும் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். இங்கே போகாமல் தங்குகிற மண்தான் அடுத்து உங்கள் கையுறைக்கு அடியில் உருளப்போகிறது.

ஒரு வாளியில் ஷாம்பு தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறையை ஷாம்புவில் நனைத்து, கூரையில் தொடங்கி, அழுத்தாமல் நேர்கோட்டில் இழுங்கள். வட்டமாகத் தேய்க்க வேண்டாம். ஒரு பகுதி முடிந்ததும் வெறும் தண்ணீர் வாளியில் அலசிப் பிழிந்து, பிறகுதான் மறுபடி ஷாம்பு. கதவின் கீழ்ப்பாதியும் பின் பம்பரும் கடைசி. வேலை முடிந்ததும் அலசிய வாளியின் தண்ணீரை மெதுவாகச் சாய்த்து அடியைப் பாருங்கள். அடியில் நரநரவென்று படிந்து கிடக்கும் மணல், ஒரே வாளி வைத்திருந்தால் திரும்பத் திரும்ப பானெட்டுக்குப் போயிருக்கும்.

தானாகக் காய விடாதீர்கள். தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் வெள்ளை வட்டங்களாகத் தங்கும், கறுப்பில் அது இன்னொரு தலைவலி. டவலை விரித்துப் போட்டு மெதுவாக இழுத்தால் ஈரம் ஏறிவிடும்.

கையுறைக்குப் பதில் ஸ்பாஞ்ச் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். தட்டையான ஸ்பாஞ்சில் மண் உள்ளே போக இடம் கிடையாது. பெயின்ட்டுக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவில் அப்படியே நின்று தேயும். கையுறையின் இழைகளுக்குள் மண் ஏறி ஒளிந்துகொள்ளும். விலை வித்தியாசம் அற்பம்.

கேள்வி: பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவலாமா? நுரை நன்றாக வருகிறது.

பதில்: எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் செய்தது அது. போன வாரம் காசு கொடுத்துப் போட்ட வாக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும்.

கேள்வி: தள்ளுபடியில் வந்ததால் பாலிஷ் இயந்திரம் ஒன்றும், கூடவே காம்பவுண்ட் பாட்டிலும் வாங்கினேன். ஞாயிறு மதியம் வாசலில் வைத்து பானெட்டைப் பாலிஷ் போட்டேன். இப்போது வெயிலில் அலை அலையாக நிழல் ஓடுகிறது. பானெட் ஓரத்தில் ஒரு இடம் மட்டும் மங்கிவிட்டது. அதன் மேல் வாக்ஸ் போட்டும் போகவில்லை. இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: இயந்திரத்தின் மேல் என்ன குற்றம்? பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தீர்களா? வெயிலில் பயன்படுத்தாதே என்று அநேகமாக எல்லா பாட்டிலிலும் போட்டிருக்கும்.

காம்பவுண்டும் பாலிஷும் பூசுகிற சமாச்சாரம் இல்லை. அரைக்கிற சமாச்சாரம். கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து இறக்குவதால்தான் கீறல் மறைகிறது. காம்பவுண்ட் கரடு, பாலிஷ் மென்மை. வாக்ஸ் மட்டும்தான் மேலே உட்காருவது. கையிருப்பே 40 மைக்ரான்தான் என்னும்போது, அதை வருடத்துக்கு நாலு தடவை பொழுதுபோக்காகக் கரைக்க முடியாது. நீங்கள் வாங்கியது ஒரே அச்சில் வேகமாகச் சுற்றும் ரோட்டரி வகை என்று தெரிகிறது. அது சூட்டைக் கிளப்பும், பழகாத கையில் இந்த அலைநிழலைத்தான் கொடுக்கும். முதல் முறை செய்கிறவர்களுக்கு டூயல் ஆக்ஷன் என்கிற, சுழன்றுகொண்டே தள்ளாடுகிற வகைதான் லாயக்கு. விற்றவர் சொல்லியிருக்க வேண்டும். நீங்களும் கேட்டிருக்க வேண்டும்.

அலைநிழலை, தெரிந்த ஒருவர் மெல்லிய பாலிஷும் மென்மையான பேடும் கொண்டு எடுத்துவிடுவார். ஓரத்தில் மங்கிய இடம் அப்படியில்லை. விளிம்புகளில் கிளியர் கோட் மெலிந்துதான் இருக்கும், அங்கே அதைத் தேய்த்தே தீர்த்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. அதன் மேல் இனி எதையும் தேய்க்காதீர்கள், வாக்ஸ் உட்பட.

கேள்வி: கருநீலக் காருக்கு 'பெயின்ட் கரெக்ஷன்' என்று ஒரு டீடெய்லிங் கடையில் பெரிய தொகை கொடுத்தேன். வாங்கும்போது கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்றாவது முறை கழுவியதும் பழைய கீறல்கள் அதே இடத்தில், ஓட்டுநர் கதவில் இருந்த பிறை வடிவக் கீறல் உட்பட, திரும்ப வந்துவிட்டன. கடையில் "நீங்கள் சரியாகக் கழுவவில்லை" என்கிறார்கள்.

பதில்: உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. தப்பாகக் கழுவினால் புதுக் கீறல்தான் வரும். பழைய கீறல், அதுவும் அதே பிறை, அதே இடத்தில் திரும்ப வராது. அவர்கள் அரைக்கவே இல்லை. எண்ணெய் கலந்த கிளேஸ் அல்லது ஃபில்லர் போட்டுக் கீறலை நிரப்பியிருக்கிறார்கள். சில கழுவலில் அது கரைந்துபோகும். நிரப்புவது குற்றமில்லை, விலையும் குறைவு. திருத்தம் என்று பில் போட்டுவிட்டு நிரப்பியதுதான் ஏமாற்று.

பிறைக் கீறல் தெரியும்படி, வேலைக்கு முன் எடுத்த பழைய படம் ஏதாவது ஃபோனில் இருக்கிறதா என்று தேடுங்கள். இன்றைய படத்தை அதே கோணத்தில் எடுங்கள். பில்லில் எழுதியிருக்கும் வார்த்தையை அப்படியே மேற்கோள் காட்டி, ஒன்று வேலையைச் சரியாகச் செய்து கொடுங்கள் அல்லது பணத்தைத் திருப்புங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். அடுத்த கடை மூக்கை நுழைத்து "நான் சரிசெய்கிறேன்" என்று சொன்னாலும், இந்தச் சண்டை முடியும் வரை காரைத் தொட விடாதீர்கள், சாட்சியே அதுதான்.

இனிமேல் இந்த வேலைக்குக் கொடுக்கிறவர்களுக்கு: முதலில் ஒரு கதவின் பாதியை மட்டும் டேப் ஒட்டிப் பிரித்துச் செய்யச் சொல்லுங்கள். முடிந்ததும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து உங்கள் கண்முன்னே துடைக்கச் சொல்லுங்கள். நிரப்பியது பெரும்பாலும் அதில் போய்விடும், அரைத்தது நிற்கும். வேலை தெரிந்தவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாது, 9ஹெச் கடினம், ஆயுள் முழுக்க உத்தரவாதம் என்கிறார்கள். கறுப்பு காருக்குப் போடலாமா?

பதில்: இந்த 9ஹெச்சுக்காகத்தான் காத்திருந்தேன். அது என்ன 9 என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். "வைரம் 10, நம்முடையது 9" என்பார் பல பேர். சுத்தப் பொய். வைரத்துக்கு 10 கொடுக்கிற மோஸ் அளவுகோல் கனிமங்களுக்கானது. அதில் சாதாரண மணலில் இருக்கிற குவார்ட்ஸே 7. 9ஹெச் என்பது பென்சில். நாம் எழுதுகிற பென்சிலில் ஹெச்பி, 2ஹெச் என்று போட்டிருக்குமே, அதே வரிசையின் கடைசி. பென்சிலைச் சாய்த்துப் பிடித்துப் பூச்சின் மேல் தள்ளுவார்கள், கோடு விழாவிட்டால் தேறியது. பென்சிலுக்கு அஞ்சாத பூச்சு மணலுக்கும் அஞ்சாது என்று யார் சொன்னது? பென்சில் கொண்டா நம் காரைத் துடைக்கிறார்கள்?

தடிமனையும் கேளுங்கள். ஒன்றிரண்டு மைக்ரான் இருந்தாலே அதிகம். கல் தெறித்தால் தாங்குவதற்கு அதில் ஒன்றுமில்லை. கல்லுக்குத் தடுப்பு வேண்டும் என்றால் பிபிஎஃப் என்கிற பிளாஸ்டிக் படலம். அது 150 முதல் 200 மைக்ரான் வரை இருக்கும். நல்ல வகையில் மெல்லிய கீறல்கள் சூடு பட்டால் தானாக மறையும். விலையும் அதற்கேற்ற விலைதான்.

அப்படியானால் செராமிக் வீணா என்றால், இல்லை. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், அழுக்கு ஒட்டுவது குறையும், கழுவுவது சுலபமாகும். வாக்ஸைவிட நெடுநாள் நிற்கும். இதைச் சொல்லி விற்றால் நானே சிபாரிசு செய்வேன். ஆனால் கீறலோடு இருக்கிற காரில் அப்படியே போட்டால், கீறலுக்கு மேல் மூடி போட்ட கதைதான். உத்தரவாதத் தாளையும் வாங்கும் முன் படியுங்கள். என் கண்ணில் பட்டவற்றில் கழுவும்போது விழும் கீறல், தண்ணீர்க் கறை, பறவை எச்சம் எல்லாம் விலக்கு. வருடா வருடம் அவர்களிடமே பராமரிப்புக்கு வர வேண்டும், ஒரு தடவை தவறினால் உத்தரவாதம் போச்சு. அந்தப் பராமரிப்புக்குக் காசு தனி. ஆயுள் முழுக்க என்பது யாருடைய ஆயுள் என்றும் எழுதியிருக்காது. செராமிக் என்று எழுதிய ஸ்ப்ரே பாட்டில் ஒன்று என் அலமாரியில் முக்கால்வாசி மீதி இருக்கிறது. தண்ணீர் அழகாக உருண்டது, சில வாரங்களுக்கு.

கேள்வி: தூசியிலிருந்து காக்க கார் கவர் வாங்கலாமா?

பதில்: வெளியில் நிறுத்துகிற, தினமும் ஓட்டுகிற காருக்கு வேண்டாம். தூசி படிந்த காரின் மேல் கவரைப் போட்டு, காற்று அதை அசைத்துக்கொண்டே இருந்தால், அது ராத்திரி முழுக்க நடக்கிற உப்புத்தாள் வேலை. நான் வாங்கியது இப்போது பழைய மேஜை ஒன்றை மூடிக் கிடக்கிறது. மேஜைக்கு ஒரு கீறலும் இல்லை.

கேள்வி: பறவை எச்சத்தை உடனே சுரண்டி எடுத்துவிட்டேன். ஆனாலும் தடம் இருக்கிறது.

பதில்: உடனே எடுத்தது சரி, சுரண்டியது தப்பு. எச்சத்தில் அமிலமும் உண்டு, மண் துகளும் உண்டு. நனைத்த துணியை அதன் மேல் சில நிமிடம் போட்டு ஊறவிட்டு, அப்படியே அள்ளி எடுக்க வேண்டும். தடத்தில் நகத்தை லேசாக ஓட்டிப் பாருங்கள். தடுக்காவிட்டால் கையால் போடும் மெல்லிய பாலிஷில் போகலாம். தடுத்தால் பாலிஷ் முழுவதுமாக எடுக்காது.

கேள்வி: மேட் கறுப்பு கார். மங்கலாக இருக்கிறது. எந்த பாலிஷ் நல்லது?

பதில்: மங்கலுக்குத்தான் கூடுதல் காசு கொடுத்திருக்கிறீர்கள். எந்த பாலிஷும் வேண்டாம், தேய்த்த இடம் மட்டும் பளபளத்துத் திட்டாகும். பிறகு அதைத் திரும்ப மங்க வைக்க முடியாது.

கேள்வி: நல்ல விலை கொடுத்து வாங்கிய மைக்ரோஃபைபர் துணிகளே இப்போது கோடு போடுகின்றன. போலியா?

பதில்: எதனுடன் துவைக்கிறீர்கள்? பருத்தித் துணியோடு சேர்த்துப் போட்டால் பஞ்செல்லாம் இழையில் ஏறிவிடும். துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றினால் இழை அடைத்துக்கொள்ளும். தனியாக, சாதாரண திரவ சோப்பில் துவைத்து, அதிகச் சூடில்லாமல் காய வையுங்கள். ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளையும் வெட்டிவிடுங்கள், கோடு போடுவது பல சமயம் அதுதான். தரையில் விழுந்த துணி அன்றைக்கு பெயின்ட்டைத் தொடக் கூடாது.

கேள்வி: சர்வீசுக்கு விட்டால் இலவசமாகக் கழுவித் தருகிறார்கள். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. போன தடவை கதவு முழுக்கப் புதுக் கோடுகள்.

பதில்: வாயால் சொன்னது வரவேற்பு மேஜையோடு நின்றுவிடும். கழுவுகிறவர் காதுக்குப் போகாது. ஜாப் கார்டில் "கழுவவோ துடைக்கவோ கூடாது" என்று எழுத வைத்து, அதன் கீழே கையெழுத்து வாங்குங்கள். அதே வரியைப் பெரிதாக ஒரு தாளில் எழுதி ஸ்டீயரிங்கில் மாட்டுங்கள். விடும்போது நாலு பக்கமும் ஃபோன் டார்ச் வெளிச்சத்தில் படம் எடுங்கள். எடுக்கும்போது அதே டார்ச்சைப் பிடித்துப் பார்த்துவிட்டு, புதுக் கோடு இருந்தால் அங்கேயே ஜாப் கார்டில் குறித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். கேட்டைத் தாண்டிவிட்டால் "அது ஏற்கெனவே இருந்தது சார்" என்றுதான் பதில் வரும்.